கை கிரைண்டர்: போர்-ஓவருக்கா, எஸ்பிரஸ்ஸோவுக்கா?

கையால் சுற்றும் காபி கிரைண்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "எஸ்பிரஸ்ஸோ அளவுக்கு நைசாக அரைக்குமா?" இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே கொட்டையை அரைக்கும் பல் வைத்த இரண்டு பாகங்களையும், அதாவது பர்களையும், ஒன்றையொன்று தொடும் வரை நெருக்க முடிந்தால், எந்தக் கிரைண்டரும் கொட்டையை மாவாக்கிவிடும். எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டியது அந்த நைசுக்குள்ளேயே துளி முன்னே, துளி பின்னே போய் நிற்கும் வசதி. பேப்பர் ஃபில்டரில் பொடி போட்டு மேலிருந்து வெந்நீர் ஊற்றி வடிக்கும் போர்-ஓவருக்கு அந்த வசதி இல்லாமலும் சமாளிக்கலாம். அங்கே பொடி சீராக விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் "எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று சொல்லி விற்கும் கிரைண்டர்களில் பலவும் போர்-ஓவருக்கு நன்றாகவே ஆகும், எஸ்பிரஸ்ஸோவுக்கு அரைகுறையாக ஆகும்.

ஏன் என்று பார்ப்போம். எஸ்பிரஸ்ஸோவில் 18 கிராம் பொடி வழியாகச் சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் போகிறது. வழக்கமான இலக்கு 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் காபி. இவ்வளவு அழுத்தத்தையும் தடுத்து நிறுத்துவது அந்தப் பொடிப் படுகை மட்டும்தான், வேறு தடுப்பு எதுவும் இல்லை. அதனால் பதம் இம்மி மாறினாலும் நேரம் எகிறிவிடும். பதம் மாற்றும் திருகின் ஒரு படியில், அதாவது ஒரு க்ளிக்கில், 17 வினாடியில் தண்ணீராக ஓடும். அடுத்த க்ளிக்கில் 45 வினாடி ஆகியும் சொட்டுச் சொட்டாக வரும். நமக்கு வேண்டிய 28 வினாடி அந்த இரண்டு க்ளிக்குக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அந்த இடத்தில் நிற்க கிரைண்டரில் வழியில்லை.

போர்-ஓவரில் நீரை இறக்குவது புவியீர்ப்பு மட்டும். ஹரியோ வி60 என்ற கூம்பு வடிவ வடிகட்டியில் 15 கிராம் பொடிக்கு 250 கிராம் நீர் என்றால், இரண்டரையிலிருந்து மூன்றரை நிமிடத்துக்குள் வடிந்து முடிவது நல்ல கணக்கு. ஒரு க்ளிக் மாறினால் பத்து, பதினைந்து வினாடி கூடும், குறையும். நாக்குக்குத் தெரியும், ஆனால் கோப்பை கெட்டுப்போகாது. இங்கே தொல்லை தருவது நுண்துகள்கள். எந்த கிரைண்டரும் கொட்டையை உடைக்கும்போது கொஞ்சம் தூசு உண்டாக்கத்தான் செய்யும். அந்தத் தூசு நீரோடு இறங்கி, பேப்பரின் துளைகளை அடைக்கிறது. கடைசி 50 மில்லி வடிய ஒரு நிமிடம் ஆகிறது; கோப்பையில் துவர்ப்பு ஏறுகிறது. எஸ்பிரஸ்ஸோவில் இதே நுண்துகள்தான் பெரிய துகள்களின் இடைவெளியை நிரப்பி நீரைத் தடுத்து நிறுத்த உதவுகிறது. ஒன்றுக்கு வேண்டியது இன்னொன்றுக்கு வேண்டாதது. போர்-ஓவருக்கென்றே செதுக்கிய பர், எஸ்பிரஸ்ஸோவில் சில சமயம் மெலிந்த ஷாட் (ஒரு தடவை இறக்கும் எஸ்பிரஸ்ஸோ) தருவதும் இதனால்தான்.

எனவே கிரைண்டரைப் பார்க்கும் முன் உங்கள் எஸ்பிரஸ்ஸோ மெஷினின் பாஸ்கெட்டை, அதாவது பொடி போடும் துளைக் கிண்ணத்தைப் பாருங்கள். வீட்டுக்கென்று விற்கும் 51 மி.மீ. பாஸ்கெட் கொண்ட மெஷின்கள் பலவற்றோடும் வருவது இரட்டைச் சுவர் பாஸ்கெட். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், உள்பக்கம் நிறையத் துளைகளும் வெளிப்பக்கம் ஊசி முனை அளவு ஒரே ஒரு துளையும் தெரியும். அந்த ஒற்றைத் துளைதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது, பொடி அல்ல. இந்த வகை பாஸ்கெட்டுக்கு எஸ்பிரஸ்ஸோ கிரைண்டர் வாங்குவது வீண் செலவு; டைம்மோர் சி2 மாதிரி சாதாரண கிரைண்டரே போதும். வெளிப்பக்கமும் நூற்றுக்கணக்கில் துளைகள் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர் பாஸ்கெட். ஃப்ளேர், கேஃபலட் ரோபோ போன்ற கை நெம்புகோல் கருவிகளை ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டோடு பயன்படுத்துபவர்களும் இதே கணக்கில்தான் சேர்வார்கள். கீழே வரும் எஸ்பிரஸ்ஸோ கணக்கு இவர்களுக்காகத்தான்.

ஒரு க்ளிக் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர்கள் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்கிறார்கள். அதை அப்படியே நம்பி ஒப்பிட்டால் ஏமாறுவோம். பெரும்பாலானவர்கள் சொல்வது, ஒரு க்ளிக்கில் உள் பர் மேலேயோ கீழேயோ எவ்வளவு நகர்கிறது என்பதை. இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: ஒரு முழுச் சுற்றில் எத்தனை க்ளிக் என்று எண்ணி, மைக்ரானோடு பெருக்குங்கள். திருகு மரையின் இடைவெளி, அதாவது அரை மில்லிமீட்டர், முக்கால், ஒன்று, இப்படி ஏதாவது ஒரு அளவு வந்தால் அது உயர நகர்வுக் கணக்கு.

1ஸீப்ரெஸ்ஸோ க்யூ2: 30 க்ளிக், ஒவ்வொன்றும் 25 மைக்ரான். பெருக்கினால் 0.75 மி.மீ.
1ஸீப்ரெஸ்ஸோ ஜேஎக்ஸ்-ப்ரோ: 40 க்ளிக், 12.5 மைக்ரான். 0.5 மி.மீ.
1ஸீப்ரெஸ்ஸோ ஜே-மேக்ஸ்: 90 க்ளிக், 8.8 மைக்ரான். கிட்டத்தட்ட 0.8 மி.மீ.
கிங்கிரைண்டர் கே6: 60 க்ளிக், 16 மைக்ரான். 0.96 மி.மீ.
டைம்மோர் சி2: 12 க்ளிக், சுமார் 83 மைக்ரான். 1 மி.மீ.

ஜெர்மனியின் கமாண்டான்டே சி40 ஒரு க்ளிக்குக்கு 30 மைக்ரான் என்கிறது. இது இரண்டு பர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறும் அளவு. பர் கூம்பு வடிவம் என்பதால் உயரத்தில் நிறைய நகர்ந்தாலும் இடைவெளி கொஞ்சம்தான் மாறும். ஆகவே 30 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு க்யூ2-வின் 25-க்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. எஸ்பிரஸ்ஸோவுக்கு அதன் க்ளிக் பெரிது. அதனால்தான் அந்த நிறுவனமே ரெட் க்ளிக்ஸ் என்ற தனி ஷாஃப்ட்டை (உள் பரைத் தாங்கும் நடு அச்சு) விற்கிறது. மாட்டினால் க்ளிக் பாதியாகி 15 மைக்ரான் ஆகும். போர்-ஓவருக்கு மட்டும் சி40 வாங்குபவருக்கு இந்த ஷாஃப்ட் தேவையே இல்லை.

உயர நகர்வுக் கணக்கில் நான் வைக்கும் எல்லை இது: 12 மைக்ரானோ அதற்குக் கீழோ என்றால் எஸ்பிரஸ்ஸோ நிம்மதியாகப் போகும். 20 வரை சமாளிக்கலாம். 25-க்கு மேல் போனால் பதத்தை வைத்து மட்டும் ஷாட்டைச் சரிசெய்ய முடியாது, பொடியின் எடையையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கும். ஒரு க்ளிக்கில் வேகமாக ஓடி அடுத்த க்ளிக்கில் அடைத்தால், வேகமாக ஓடும் க்ளிக்கிலேயே நின்று, 18 கிராமை 18.5 ஆக்குங்கள். படுகை கனமாகி நேரம் சில வினாடி கூடும். பாஸ்கெட்டில் மேலே இடம் இருக்கும் வரைதான் இந்த வித்தை பலிக்கும். பொடி மேலே, மெஷினில் நீர் விழும் ஷவர் தட்டில் முட்டினால் நீர் ஓரமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். கினு எம்47 போன்ற க்ளிக்கே இல்லாத கிரைண்டர்களில் இந்தத் தலைவலி கிடையாது, எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். 47 மி.மீ. பர் கொண்ட அது முதன்மையாக எஸ்பிரஸ்ஸோ கிரைண்டர். போர்-ஓவருக்கான பர் அதற்குத் தனியாக விற்கிறார்கள் என்பதே போதுமான சாட்சி.

அடுத்தது பரின் அகலம். சி2, க்யூ2 இரண்டிலும் 38 மி.மீ. பர். கே6, 1ஸீப்ரெஸ்ஸோ கே-அல்ட்ரா வகையில் 48 மி.மீ. போர்-ஓவருக்கு 15 கிராம் அரைக்க 38 மி.மீ. பரில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 48-இல் அரை நிமிடம். வித்தியாசம் இருந்தாலும் யாரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்கள். எஸ்பிரஸ்ஸோ பதத்தில் 18 கிராம் என்றால் கதை வேறு. 48 மி.மீ. பரில் ஒரு நிமிடம் வரை ஆகலாம், 38-இல் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். அதுவும் லைட் ரோஸ்ட் கொட்டை என்றால் கையே வலித்துவிடும். லேசாக வறுத்த கொட்டை கெட்டியானது. நன்றாகக் கருக வறுத்தது நொறுங்கிவிடும். ஏற்காட்டுக் காபியையோ சிக்கமகளூர்க் காபியையோ லைட் ரோஸ்டில் வாங்கி எஸ்பிரஸ்ஸோ போட ஆசைப்படுபவர் 38 மி.மீ. பக்கம் போகவே வேண்டாம். கைப்பிடியின் நீளமும் உடலின் பிடிமானமும் இங்கே கணக்கில் வரும். குட்டையான கைப்பிடி, வழுக்கும் உருளை, இரண்டும் சேர்ந்தால் கிரைண்டர்தான் உங்கள் கையில் சுற்றும்.

கொள்ளளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். க்யூ2 போன்ற பயணத்துக்கான கிரைண்டரில் 20 கிராமுக்கு மேல் ஏறாது. ஒருவருக்குக் காபி என்றால் போதும். இரண்டு பேருக்கு 30 கிராம் போர்-ஓவர் போடும் வீட்டில் இரண்டு முறை அரைக்க வேண்டியிருக்கும்.

போர்-ஓவருக்கு மட்டும் வாங்குபவர்கள் க்ளிக் கணக்கை மறந்துவிட்டு ஷாஃப்ட்டைப் பாருங்கள். ஷாஃப்ட்டின் மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங் என்று இரண்டு இருக்க வேண்டும். பழைய ஹரியோ ஸ்கெர்ட்டன் போன்ற செராமிக் பர் கிரைண்டர்களில் கீழ்ப்பக்கம் பிடிப்பு கிடையாது. நைசாக வைத்தால் இரண்டு பர்களும் நெருங்கி ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. கொரகொரப்பாக வைத்தவுடன் உள் பர் தலையாட்ட ஆரம்பிக்கும். ஒரு பக்கம் பெரிய துண்டு, மறுபக்கம் தூசு. போர்-ஓவருக்கு வேண்டிய பதத்தில்தான் அது மிக மோசமாக அரைக்கும். அதைப் போர்-ஓவர் கிரைண்டர் என்றே பல வருடம் விற்றார்கள் என்பது வேடிக்கை.

ஆட்டத்தைச் சோதிக்க: கொட்டை எதுவும் இல்லாமல், போர்-ஓவர் பதத்தில் வைத்து, கீழ் டப்பாவைக் கழற்றிவிட்டு உள் பரை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் அந்தக் கிரைண்டர் வேண்டாம். பிறகு கிரைண்டரைப் படுக்கையாகப் பிடித்து, கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு க்ளிக்காக நெருக்குங்கள். முதலில் லேசாக உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சுற்று முழுவதும் சீராகக் கேட்டால் பர்கள் நேராக இருக்கின்றன. சுற்றின் ஒரு இடத்தில் மட்டும் உரசி, அதற்குப் பிறகும் பல க்ளிக் போனால்தான் முழுக்க இறுகுகிறது என்றால் பர் சாய்ந்திருக்கிறது. கைப்பிடி தானாக விழாமல் நிற்கும் புள்ளிதான் பூஜ்யம். பதம் மாற்றும் வளையம் வெளிப்புறம் உள்ள மாடல்களில் வளையத்தில் அச்சிட்ட 0-வும் இந்த உண்மையான பூஜ்யமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்களுடையது எத்தனை க்ளிக் தள்ளி இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் "கே6-இல் 90 க்ளிக்" என்று யாராவது எழுதினால், அது எந்தப் பூஜ்யத்திலிருந்து என்று தெரியாமல் பின்பற்றுவதில் அர்த்தமில்லை. பூஜ்யத்தில் வைத்துக் கொட்டை போட்டு அரைக்கவும் கூடாது, உலோகத்தோடு உலோகம் தேயும்.

ஆரம்பிக்க ஒரு தோராயக் கணக்கு, எல்லாம் உண்மையான பூஜ்யத்திலிருந்து. வி60-க்கு சி2-வில் 20 க்ளிக், சி40-இல் 24, கே6-இல் 90 பக்கம். எஸ்பிரஸ்ஸோவுக்கு கே6-இல் 40 பக்கம் தொடங்கி நாலைந்து க்ளிக்காக நகருங்கள். நம் பித்தளை ஃபில்டருக்கு இரண்டுக்கும் நடுவில், எஸ்பிரஸ்ஸோ பக்கம் சாய்ந்து நிற்கும் பதம். ரவையைவிட நைஸ், விரலில் தேய்த்தால் இன்னும் பருக்கை தட்டுப்பட வேண்டும். சிக்கரி கலக்காத தனிக் காபி என்றால் டிகாஷன் சற்று வேகமாக இறங்கும், ஆகவே பொடியில் இரண்டு க்ளிக் நைஸ் கூட்டலாம். மற்றபடி டிகாஷனுக்காகத் தனியாக எதுவும் தேட வேண்டாம், போர்-ஓவருக்கு நல்ல கிரைண்டர் எதுவும் இதற்கு ஆகும். அடுப்பில் வைக்கும் மோகா பாட், கையால் அழுத்தி இறக்கும் ஏரோபிரஸ் இரண்டுக்கும் அதே பதில்.

எஸ்பிரஸ்ஸோவுக்குப் பதம் பிடிக்கும்போது எடையை 18 கிராமிலும் கோப்பையில் விழுவதை 36 கிராமிலும் நிறுத்திவிட்டு, க்ளிக்கை மட்டும் மாற்றுங்கள். 20 வினாடிக்குள் வந்து புளித்தால் நைசாக்கு. 35-ஐத் தாண்டிக் கசந்தால் தளர்த்து. நேரம் சரியாக இருந்தும் ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் குற்றம் க்ளிக்கில் இல்லை. நீர் பொடியில் ஏதோ ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அதன் வழியே ஓடியிருக்கிறது. கை கிரைண்டரில் பொடி உருண்டை உருண்டையாக விழும். 0.4 மி.மீ. ஊசி நான்கைந்தை ஒரு கார்க்கில் குத்தி, பாஸ்கெட்டின் அடி வரை கிளறிவிட்டு, அதன்பிறகு அழுத்தினால் பாதிப் பிரச்சினை போய்விடும். நைசாக்கும்போது இன்னொன்று: பர்களுக்கு நடுவே கொட்டை சிக்கியிருக்கையில் வளையத்தை இறுக்காதீர்கள். முதலில் முழுவதும் அரைத்துக் காலியாக்குங்கள், பிறகு திருப்புங்கள். இல்லையென்றால் மரை தேயும், அந்த க்ளிக்கும் பொய்யாகிவிடும். பை திறந்து நாளாக ஆக, அதே க்ளிக்கில் ஷாட் வேகமாக ஓடத் தொடங்கும். கொட்டை பழசாகிறது, கிரைண்டர் கெடவில்லை. ஒன்றிரண்டு க்ளிக் நெருக்கினால் போதும்.

போர்-ஓவருக்குப் பதம் பிடிக்க: 15 கிராம், 94 டிகிரி நீர், முதலில் 45 கிராம் ஊற்றி 40 வினாடி ஊறவிட்டு, மீதியை இரண்டு தடவையாக 250 வரை. இரண்டு நிமிடத்துக்குள் வடிந்து புளித்துத் தண்ணீராக இருந்தால் நைசாக்குங்கள். நாலு நிமிடம் ஆகிக் கசந்தால் கொரகொரப்பாக்குங்கள். கொரகொரப்பாக்கியும் வடிவது மந்தமாகவே இருந்து, கோப்பை புளிப்பும் துவர்ப்புமாக இருந்தால் நுண்துகள் அதிகம் என்று பொருள். மெதுவாக, சீரான வேகத்தில் சுற்றுவதும், ஊற்றும்போது படுகையைக் கலக்காமல் இருப்பதும் கொஞ்சம் உதவும். அப்படியும் போகவில்லையென்றால் பர் அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: கிணற்று நீர், போர்வெல் நீர் ஊற்றிக் காபி போட்டுவிட்டுக் கிரைண்டரைத் திட்டுகிறவர்கள் உண்டு. உப்பு நிறைந்த நீரில் எந்தப் பரும் தோற்கும். உப்பே இல்லாத ஆர்ஓ நீரிலும் காபி சப்பென்றிருக்கும். கிரைண்டர் மாற்றும் முன் ஒருநாள் நல்ல கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பொடி டப்பாவின் சுவரில் ஒட்டிக்கொள்வது மின்னேற்றத்தால். அரைக்கும் முன் கொட்டையில் ஒரே ஒரு தெளிப்பு நீர் விட்டுக் குலுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். 2023-இல் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள்: கொட்டையின் ஈரம் குறையக் குறைய மின்னேற்றம் கூடுகிறது, கருக வறுத்த கொட்டையில் அதிகம். நீர் தெளித்து அரைத்த பொடியில் கட்டிகளும் குறைந்து, எஸ்பிரஸ்ஸோ கெட்டியாகவும் வந்தது. ஆனால் தெளிப்பு என்றால் தெளிப்புதான். நனைத்துவிட்டால் இரும்பு பர் துருப்பிடிக்கும்.

அதே காரணத்தால் ஸ்டீல் பரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். தூரிகையும் ஊதுபம்பும் போதும். மாதம் ஒருமுறை பிரித்துத் துடைத்தால் நல்லது. எண்ணெய் பளபளக்கும் டார்க் ரோஸ்ட் கொட்டை பயன்படுத்துபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பழைய எண்ணெய் சிக்குப் பிடித்து எல்லாக் காபியிலும் ஒரு காறல் நெடி வரும். அரிசி போட்டு அரைத்துச் சுத்தம் செய்யச் சொல்லும் வீடியோக்களைக் கண்டுகொள்ளாதீர்கள், பச்சரிசி காபிக் கொட்டையைவிட எவ்வளவோ கெட்டி. மிளகு, ஏலக்காய் அரைக்க ஆசைப்பட்டால் அதற்கு இடிகல் இருக்கிறது. டிரில் மெஷினை மாட்டிச் சுற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேலை சீக்கிரம் முடியும், வாரண்டியும் சீக்கிரம் முடியும்.

இரண்டும் குடிக்கிற வீட்டுக்கு என்ன வாங்குவது? கே6 மாதிரி 48 மி.மீ. பரும் வெளிப்புற வளையமும் 16 மைக்ரான் க்ளிக்கும் உள்ள ஒன்று நியாயமான சமரசம். வளையம் வெளியே இருப்பதால் 40-இலிருந்து 90-க்கு ஐந்து வினாடியில் போகலாம். சி2, சி40 போலக் கீழே திருகு உள்ளவற்றில் டப்பாவைக் கழற்றி க்ளிக்கை எண்ண வேண்டும், தினமும் இரண்டு தடவை என்றால் ஒரு வாரத்தில் எண்ணிக்கை தவறிப்போகும். எஸ்பிரஸ்ஸோ தினமும், போர்-ஓவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் ஜே-மேக்ஸ், ஜே-அல்ட்ரா வகை. அதில் போர்-ஓவர் சுமாராக வரும், பொறுத்துக்கொள்ளலாம். போர்-ஓவர் தினமும், எஸ்பிரஸ்ஸோ எப்போதாவது நண்பர் வீட்டில் என்றால் கே-அல்ட்ராவோ சி40-ஓ. அதுவும் பட்ஜெட்டுக்கு மேலே என்றால் சி2-வே போதும், மிச்சப் பணத்துக்கு நல்ல கொட்டை வாங்கலாம். மெஷினை எதிர்காலத்தில் வாங்கலாம் என்ற எண்ணத்தில் இப்போதே எஸ்பிரஸ்ஸோ கிரைண்டர் வாங்குவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கிய கிரைண்டர் முதல் அரைக் கிலோ கொட்டை வரைக்கும் பதத்தில் கொஞ்சம் அலைபாயும். புது பரின் கூர்முனைகள் அப்போதுதான் படியத் தொடங்கும். எனவே முதல் வாரம் பிடித்த க்ளிக்கைக் கல்வெட்டாக எழுதிவைக்க வேண்டாம். அரைக் கிலோ முடிந்ததும் இன்னொரு முறை பூஜ்யம் பார்த்து, அங்கிருந்து எண்ணுங்கள்.